பனையின் பெயர் பூண்ட பானம்

குடும்பத்தவர் அனைவரும் கூடியிருந்து படிக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தாளில், விஸ்கியைக் கலந்து பானமாக்கும் முறையைப் பற்றிக் கல்லூரி ஆசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தால், 'இவருக்கு என்ன நேர்ந்தது?' என்று வாசகர்கள் புருவத்தை நெரிப்பது இயல்பே. நான் மது அருந்துபவன் அல்லேன். அருந்துமாறு எவரையும் தூண்ட வந்தவனும் அல்லேன். ஆயினும் ஒரு சொல்லின் பின்னே நடந்து செல்லும் தமிழாசிரியனுக்கு, அச்சொல் எந்த வாசலிலே கொண்டுபோய் நிறுத்தினாலும் அங்கே சற்று நின்று பார்க்காமல் திரும்ப மனம் வருவதில்லை. என்னை இவ்வாறு இழுத்துச் சென்ற சொல் 'டொடி' என்பது.

நம் நாட்டில் ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவரும் இச்சொல்லை அறிவர். டொடி என்றால் கள். தவறணையின் பெயர்ப்பலகை படித்தே பலர் இதனைக் கற்றிருப்பர். ஆனால் ஸ்கொட்லாந்துக்குச் சென்று ஒரு வீட்டிலே டொடி கேட்டால் கள் கிடைக்காது. ஒரு கோப்பையிலே சிறிது விஸ்கி, ஒரு கரண்டி தேன் அல்லது சீனி, எலுமிச்சஞ்சாறு, விரும்பினால் இரண்டு கராம்பும் ஒரு துண்டு கறுவாவும், அதன்மேல் கொதிநீர்: இதுவே அவர்களுடைய டொடி. தடிமனும் இருமலும் பிடித்த குளிர்கால இரவுகளில், படுக்கைக்குச் செல்லுமுன் அவர்கள் கைமருந்துபோலக் கொள்வது. விஸ்கியைக் கொண்டு வீட்டிலே செய்யும் கலவைகளுள் இதனினும் பழையன அரியன.

பனை வளராத குளிர்நாட்டிலே பனையின் பெயர் எவ்வாறு புகுந்தது? வடமொழியிலே பனைக்குத் தாலம் என்று பெயர். தமிழ்ப் புலவரும் அதனைக் கையாண்டிருக்கின்றனர். அதன் வழிவந்த சொல்லாகிய 'தாட்' என்பது இந்தியிலே பனையைக் குறிக்கும். அம்மரத்திலிருந்து இறக்கும் கள் 'தாடி'. (முகத்தில் வளரும் தாடிக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை.) கிழக்கிந்தியக் கம்பனியின் மாலுமிகளும் எழுதுவினைஞர்களும் இந்தத் தாடியைத் தம் நாவுக்கு இசைய டொடி ஆக்கினர். ஊருக்குத் திரும்பியவர்கள் பெயரை மட்டும் கூடவே கொண்டு போயினர். கள்ளைக் கொண்டுபோக இயலவில்லை, அது வழியிலேயே புளித்துக் காடியாகிவிடும். அங்கிருந்த விஸ்கியின் கலவை ஒன்றுக்கு அப்பெயர் வாய்த்தது. ரொபேட் பேர்ண்ஸ் என்னும் ஸ்கொட்லாந்துக் கவிஞர் 1786 இல் வெளியிட்ட தொகுதியிலேயே இச்சொல் இடம்பெற்றுவிட்டது. விஸ்கி என்னும் பெயரோ அவர்களுடைய கேலிக் மொழியில் 'உயிர்நீர்' எனப் பொருள்படும் சொற்றொடரின் சிதைவு. உயிர்நீரிலே பனையின் பெயர் கலந்த கதை இது.

இன்னொரு சொல்லும் இவ்வாறு கப்பலேறியது. பல பொருள்களைக் கலந்து பெரிய பாத்திரத்தில் வைத்துப் பலரும் பகிரும் மதுவுக்கு ஆங்கிலத்தில் 'பஞ்ச்' என்று பெயர். சாராயம், சீனி, எலுமிச்சஞ்சாறு, நீர், வாசனைப் பொருள் என ஐந்து சேர்வதால் 'பஞ்ச' என்னும் எண்ணின் பெயரே இது என்பது நெடுங்காலமாக வழங்கும் விளக்கம். இதனை ஏற்காத அகராதியாசிரியர்களும் உளர். ஆனால் 1632 இல் இந்தியாவிலிருந்த கம்பனி ஊழியர் ஒருவர் எழுதிய கடிதத்திலேயே இச்சொல் காணப்படுவதால், பானம் இக்கடற்கரைகளோடு தொடர்புடையது என்பதில் ஐயமில்லை.

நாம் வெருகலிலே இருப்பவர்கள். எமக்கு வடக்கே கிடக்கும் கொட்டியாரக் குடாவிலேதான் ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞன் பிடிபட்டான். 1659 இல் மசூலிப்பட்டினத்தில் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்த கப்பலைச் செப்பனிட வந்தவர்களைக் கண்டி அரசனின் ஆட்கள் கொண்டு சென்றனர். இருபது ஆண்டளவில் நாட்டினுள்ளே வாழ்ந்து, 1679 இல் தப்பிச்சென்று, 1681 இல் அவன் வெளியிட்ட நூலை வரலாற்று மாணவர் அறிவர். அதிலே என் மனத்தைக் கவர்ந்த இடங்கள் அரசியல் அல்ல. நம்மவர் வாய் படாமல் அண்ணாந்து நீர் ஊற்றிக் குடிப்பதையும், கித்துள் மரத்திலிருந்து நாளொன்றுக்கு மூன்று நான்கு கலன் இனிய சாறு இறங்குவதையும், அது வாய்க்கும் உடலுக்கும் நல்லது, ஆயினும் நீரைவிட வெறி கூடியதன்று என்பதையும் அவன் வியந்து குறித்திருப்பதே. மரத்துச் சாற்றுக்கும் மதுவுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அந்த வெள்ளைக்காரன் கவனித்துவிட்டான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்கழி. வெருகலாறு இரு கரையும் முட்டிப் பாய்ந்துகொண்டிருந்தது. நான்கு நாளாக வெயில் முகம் காட்டவில்லை. ரொறன்ரோவிலே இருக்கும் என் அக்காவின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். படிக்கிற காலத்தில் மாலை வேளைகளில் ஓர் உணவகத்தின் மதுச்சாலையிலே வேலை செய்து செலவுக்குத் தேடிக்கொண்டவன்; அத்தொழிலின் நுட்பங்கள் அவனுக்கு அத்துபடி. விமான நிலையத்திலே வாங்கிய விஸ்கிப் போத்தல் ஒன்று அவனுடைய பெட்டியில் இருந்தது எனக்குத் தெரியும். என் தாயாருக்கு அந்நாள்களில் கடும் இருமல்.

ஓரிரவு அவன் குசினிக்குள் நுழைந்தான். வேலை செய்த விதத்தை நான் வாசலில் நின்று பார்த்தேன். முதலில் இரண்டு கோப்பைகளிலும் கொதிநீரை ஊற்றிச் சற்று வைத்திருந்து கொட்டினான். கோப்பை குளிர்ந்திருந்தால் பானம் பாதிவழியிலேயே ஆறிவிடுமாம். தேசிக்காயின் தோலிலே மெல்லிய கீலம் ஒன்றைச் சீவினான். உள்ளேயுள்ள வெண்சதை சேர்ந்தால் கைக்கும் என்று கத்தியைச் சாய்த்துப் பிடித்தான். கராம்பைத் தோலிலே குத்தினான். இல்லாவிட்டால் அது மிதந்து வாய்க்குள் வரும். ஒரு கரண்டி தேனைச் சிறிதளவு வெந்நீரில் முழுதும் கரைத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து இருபுறமும் வாயுள்ள சிறு உருக்குக் கிண்ணம் ஒன்றை எடுத்து, தனக்கென வைத்த கோப்பையில் மட்டும் 45 மில்லிலீற்றர் விஸ்கியை அளந்து ஊற்றினான். மற்றதிலே அந்த அளவுக்குக் கடுஞ்சாயத் தேநீர். தேசிக்காய்ச்சாறு அரை அளவு. மீதிக்கு வெந்நீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றவில்லை. விஸ்கியின் மணம் ஆவியோடு போய்விடும் என்றான். மொத்தத்தில் ஐந்து நிமிடம் ஆகியிராது.

தேநீர் கலந்த கோப்பையை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அம்மா அதை மணந்து, முகம் மலர்ந்து, வாயருகே கொண்டு சென்றார்.

"நல்ல வாசம். இதுக்கு என்ன பெயர், மகன்?"

"டொடி, அம்மம்மா."

கோப்பை கீழே வந்துவிட்டது. "கள்ளா? இந்த வீட்டிலையா?"

பிள்ளை திகைத்துப் போனான். அவனுக்கு டொடி என்பது அந்நாட்டுச் சொல். அதற்குள்ளே அம்மம்மாவுக்குத் தெரிந்த ஒரு மரம் நிற்கிறது என்பதை அவன் அறியான். நான் இடையிட்டுச் சொல்லின் வரலாற்றை விளக்கினேன். தமிழாசிரியனின் விளக்கம் எந்நேரமும் பயன் தருமென்று சொல்வதற்கில்லை. அம்மா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"அப்ப உன்ரை கோப்பையிலை?" என்றார்.

அவன் பொய் சொல்லவில்லை. "இதுக்குள்ளை கொஞ்சம் விஸ்கி இருக்கு, அம்மம்மா."

"போத்தலைக் கொண்டு வா, பார்ப்பம்."

கொண்டு வந்தான். அம்மா அதன் முகப்பைப் படிக்கவில்லை. விளக்கு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள்ளேயிருந்த மதுவின் மட்டத்தைப் பார்த்தார். எங்கே நிற்கிறது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார். குடிகாரன் இருக்கும் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் உரிய பார்வை அது. முப்பது ஆண்டு கழிந்த பின்னும் கண் அதை மறக்கவில்லை.

"அளந்துதான் குடிப்பியோ?"

"ஓம் அம்மம்மா. அளக்காமல் ஊத்தினால் எங்கட வேலையிலை பிழை." உருக்குக் கிண்ணத்தை எடுத்துக் காட்டினான்.

"என்ரை தம்பியும் முதல்லை அளந்துதான் குடிச்சவன்."

சின்னம்மானைப் பற்றி அவன் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அக்கா சொல்லியிருக்கவில்லை, வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு நாம் திருவிழாவைச் சொல்கிறோம், ஆற்றைச் சொல்கிறோம், இவற்றைச் சொல்வதில்லை. அம்மா அன்றிரவு சொன்னார். சின்னம்மான் வயல் செய்தவர். நல்ல குரல், கோயிலிலே திருப்புகழ் பாடினால் கூட்டம் அசையாது நிற்கும். வெள்ளாண்மை வெட்டி முடிந்ததும் கூட்டாளிகளோடு ஒரு கால் போத்தல் சாராயம், ஆண்டுக்கு இருமுறை. பின்பு ஒவ்வொரு சனிக்கிழமையும். பின்பு சாராயத்துக்குக் காசு போதாமல் பற்றைக்காட்டிலே காய்ச்சிய கசிப்பு. 1994 இலே ஈரல் கெட்டு இரத்தமாக வாந்தியெடுத்து இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு, எனக்குப் பதினான்கு. அவருடைய பெட்டியைத் திறந்தபோது மனைவியின் தாலிக்கொடியின் அடகுச்சீட்டு ஒன்றும் திருப்புகழ்ப் புத்தகமும் இருந்தன.

பிள்ளையின் கோப்பை ஆறிவிட்டது. அவன் அதைக் குடித்தானா, ஊற்றினானா என்று நான் கவனிக்கவில்லை. அம்மா தம்முடையதைக் குடித்தார். குடித்துவிட்டு, "இஞ்சி போடாமல் இதென்ன இருமல் மருந்து?" என்றார்.

அத்தோடு பேச்சு வேறு வழிக்குத் திரும்பியது. மறுநாள் முதல் மாமனும் மருமகனுமாக நாங்கள் நடத்திய சம்பாஷணைகளிலே நான் கற்றது பல. கொக்டெயில் என்னும் சொல்லுக்கு 1806 இல் நியூயோர்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்று கொடுத்த விளக்கம் மிகச் சுருக்கமானது: ஏதேனும் ஒரு மது, சீனி, நீர், கைப்புச்சாறு. இந்நான்கையும் விஸ்கியோடு பொருத்திச் செய்வதைப் 'பழைய பாணி' என்றே இன்றும் அமெரிக்கர் அழைக்கின்றனர். கைப்புச்சாற்றுக்கு எலுமிச்சஞ்சாற்றைப் பதிலிட்டால் அது 'விஸ்கிப் புளிப்பு'. ஜெரி தோமஸ் என்பவர் 1862 இல் வெளியிட்ட கலவைநூலில் இவ்வகைப் புளிப்புப் பானங்களின் செய்முறை உண்டு. அந்தக் கைப்புச்சாறுகளுள் புகழ்பெற்றது அங்கோஸ்துரா. 1824 இல் வெனிசுவேலா நாட்டில், பொலிவாரின் சேனையில் மருத்துவராயிருந்த சீகேட் என்னும் ஜேர்மானியர் போர்வீரரின் வயிற்றுக்கோளாறுக்கு மருந்தாகச் செய்தது அது. மருந்துச்சாலையில் பிறந்த சரக்கு மதுச்சாலையிற் குடியேறிவிட்டது. நம் வீட்டுக் கஷாயங்கள் எதற்கும் இத்தகைய உத்தியோக உயர்வு கிட்டவில்லை.

இவற்றைக் கேட்கக் கேட்க எனக்கு அறுசுவை நினைவுக்கு வந்தது. தேனிலே இனிப்பு, எலுமிச்சையிலே புளிப்பு, கராம்பிலும் மதுவின் காந்தலிலும் கார்ப்பு, கைப்புச்சாற்றிலே கைப்பு. துவர்ப்பு எங்கே என்று தேடினால், அது விஸ்கியிலேயே இருக்கிறது. வாற்கோதுமையை முளைக்கவைத்து, ஊறவைத்து, புளிக்கவிட்டு வடித்த சாரம் கண்ணாடிபோல் நிறமற்றது. ஓக் மரப் பீப்பாயிலே குறைந்தது மூன்று ஆண்டு கிடந்தாலன்றி ஸ்கொட்லாந்தில் அதற்கு விஸ்கி என்னும் பெயர் உரித்தாகாது. பொன்னிறமும் துவர்ப்பும் மரம் கொடுத்தவை. தேநீருக்கும் அத்துவர்ப்பு உண்டு; அதனாலேதான் பிள்ளை விஸ்கிக்குப் பதில் சாயத்தை ஊற்றினான். இலங்கையின் தென்னஞ்சாராயத்துக்கும் இப்படி ஒரு மரம் உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல, நம் வழக்கில் சவண்டலை. மரவணிகத்தில் ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயர் 'திருகோணமலை மரம்' என்பதை அறியும்போது, நம் மாவட்டத்தின் பெயர் எங்கெல்லாம் போய்க் கிடக்கிறது என்று வியப்புத் தோன்றுகிறது. ஆறு சுவைகளுள் உப்பு ஒன்றே அந்தப் பானங்களில் இல்லை. நம் தண்ணீர்ப்பந்தலின் ஊறுகாய்த் தண்ணீரும், ஒரு சிட்டிகை உப்பிட்ட பானகமும் அக்குறையை எப்போதோ நிறைவு செய்துவிட்டன.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அவருக்கு முற்பட்ட சான்றோர் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலைப் பாடினர். அதியமான் தனக்குக் கிடைத்த சிறிதளவு கள்ளையும் தானுண்ணாது கொடுத்ததை ஔவையார் நன்றியோடு நினைக்கிறார். இரண்டும் தமிழே. வகுப்பிலே மாணவர் ஒருவர் எழுந்து, 'ஐயா, எது சரி?' என்று வினவியதுண்டு. நான் கூறும் விடை பாட்டிலிருந்து வருவதன்று, முட்டியிலிருந்து வருவது. பனம்பாளையிலிருந்து சொட்டும் சாற்றிலே நூற்றுக்குப் பத்துக்கு மேல் சர்க்கரை உண்டு. காற்றிலும் முட்டியிலுமுள்ள நொதிகள் அந்தக் கணமே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. வெறுமுட்டி கட்டினால் பொழுது விடியும்போது உள்ளே இருப்பது கள். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவிக் கட்டினால் நொதிகள் அடங்கிவிடும், இறங்குவது கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே பாளை, ஏறுபவரும் ஒருவரே. விரல் நுனியளவு சுண்ணாம்பு போதும்.

இனி, மருந்து என்னும் பேச்சு. டொடி தடிமனைத் தீர்க்கும் என்பது நம்பிக்கையேயன்றி வேறன்று. தொண்டைக்கு இதமளிப்பது சூடான நீரும் தேனும். மது உள்ளே சென்றதும் தோலருகிலுள்ள இரத்தக்குழாய்கள் விரிவதால் உடல் சூடேறியதுபோலத் தோன்றும். உண்மையில் அந்த வழியாகவே உடலின் வெப்பம் வெளியேறிவிடுகிறது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் விழுங்கியவர் அதன்மேல் மதுவும் அருந்தினால் ஈரலுக்கு இரட்டைச் சுமை. உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என்று மதுவிலே எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளிப்படையாகவே அறிவித்தது. நம் நாட்டிலே 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது 2006 ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். இப்பத்தியைப் படிக்கும் மாணவர்களிற் பெரும்பாலோர் அவ்வயதுக்கு உட்பட்டவர்களே என்பதையும் குறித்துவைக்கிறேன்.

அந்தப் போத்தல் என்னவாயிற்று என்று சிலர் கேட்கக்கூடும். மேலும் இரண்டு வாரம் அது அலுமாரியின் மேல்தட்டிலே எல்லாரும் காணத்தக்கதாக நின்றது. ஒளிப்பதற்கு அவன் விரும்பவில்லை. அம்மா போகிற வருகிறபோது நிமிர்ந்து பார்ப்பார். மட்டம் அசையவில்லை. போகும் நாளன்று அவன் அதைத் துணியிலே சுற்றிப் பெட்டியில் வைத்தபோது, அம்மா அருகே சென்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். அங்கே சென்றபின் அவன் என்ன செய்கிறான் என்று நான் கேட்பதில்லை. அம்மா தொலைபேசியில் ஒளிவு மறைவின்றிக் கேட்கிறார், அவனும் ஒளிவு மறைவின்றிப் பதில் சொல்கிறான். சில மாதங்களில் அப்பதில் அம்மாவுக்குப் பிடிப்பதில்லை.

அவன் இருந்த நாள்களிலே பாட்டியும் பேரனுமாகக் கூடி அந்தப் பானத்தைத் திருத்தி அமைத்தனர். வீட்டிலே செய்ய விரும்புவோர் செய்து பார்க்கலாம். நான்கு பேருக்கு நான்கு கோப்பை நீர். பெருவிரலளவு இஞ்சியைச் சீவாமல் தட்டிப் போடவேண்டும். சீவினால் சாறு இறங்காது என்பது அம்மாவின் கட்சி. நான்கு கராம்பு, ஒரு துண்டு கறுவா, தட்டிய ஏலக்காய் இரண்டு. நீர் கொதித்துக் கால்பங்கு வற்றியதும் ஒரு குட்டான் பனங்கட்டியை உடைத்திட்டுக் கரைத்து வடித்தெடுக்க வேண்டும். பனங்கட்டியில் மண் இருக்கலாம், ஆகவே வடிப்பதை மறக்கலாகாது. பேரன் சேர்த்தது, வேறாக ஊறவைத்த கடுஞ்சாயம் ஒரு கோப்பை. அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூடு வந்தபின் இரண்டு தேசிக்காயைப் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பு இடுக. கொதிக்கும்போது பிழிந்தால் கைத்துவிடும். எங்கள் வீட்டில் இதை மூக்குப்பேணியிலே ஊற்றிக் கொடுக்கிறோம். பெயரைப் பற்றி இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை: அவன் டொடி என்கிறான், அம்மா இஞ்சித் தண்ணி என்கிறார்.